கூகுள் டிரைவ்: கோப்பு யாருடைய பெயரில் இருக்கிறது?

இணையத்தில் கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் கூகுள் டிரைவ் வந்தது 2012 ஏப்ரலில். அடுத்த வருடமே நான் அதில் சேர்ந்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டு ஆவணங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு குழுவின் கணக்கு வழக்கு, கூட்டக் குறிப்புகள், ஒப்பந்தங்களும் அதில்தான். நல்ல சேவை, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதை ஒரு அலமாரி மாதிரி நினைத்து உள்ளே போட்டுக்கொண்டே போனால் ஒரு நாள் கட்டாயம் அடிபடுவோம் என்பது என் அனுபவம்.

எங்களுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். குழுவின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் வேறு வேலைக்குப் போனபோது பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார். பொதுவான ஃபோல்டர் இருந்தது, எல்லோருக்கும் அதில் அனுமதி இருந்தது, அதனால் நாங்களும் கவலைப்படவில்லை. சில மாதங்கள் கழித்து அவர் தன் கணக்கில் இடம் போதவில்லை என்று பழைய கோப்புகளை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். மூன்று வருட ரசீதுகள் எங்கள் ஃபோல்டரிலிருந்தும் போய்விட்டன. அவர் மேல் தப்பே இல்லை, தன் கோப்புகளைத்தான் அழித்தார். ஃபோல்டர் எல்லோருக்கும் பொது என்றாலும், அதற்குள் ஒருவர் ஏற்றும் கோப்புக்கு அவர்தான் உரிமையாளர், அது அவருடைய கணக்கு இடத்தைத்தான் பிடிக்கிறது, அவர் நிரந்தரமாக அழித்தால் மற்ற எல்லோருக்கும் போய்விடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் நாங்கள் அத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம்.

அதனால் என் முதல் சிபாரிசு இதுதான். குழுவாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், முக்கியமான கோப்புகளின் உரிமை யாருடைய பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். லிஸ்ட் வடிவத்தில் பார்த்தால் உரிமையாளர் பெயருக்கென்று தனி வரிசை இருக்கிறது, நிமிடத்தில் தெரிந்துவிடும். தனிநபர் கணக்குகளுக்குள் உரிமையை மாற்றிக்கொடுக்கலாம், ஆனால் பெறுபவர் அதை ஏற்றுக்கொண்டால்தான் மாறும், வெறுமனே அழைப்பு அனுப்பிவிட்டு முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. நிறுவனங்களுக்கான கட்டணச் சேவையில் 'பகிர்ந்த டிரைவ்' என்று ஒன்று உண்டு, அதில் போடும் கோப்பு தனி ஆளுக்குச் சொந்தமாகாமல் குழுவுக்கே சொந்தமாக இருக்கும். யார் விலகிப்போனாலும் கோப்பு அங்கேயே இருக்கும். அந்த வசதி கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் யோசிக்காமல் அதற்கு மாறுங்கள்.

இன்னொன்று, ஃபோல்டரிலிருந்து ஒரு கோப்பு காணாமல் போனால் உடனே அழிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். திருத்தும் அனுமதி உள்ள யாராவது அதை ஃபோல்டரை விட்டு நீக்கியிருந்தால், கோப்பு உரிமையாளரின் கணக்கில் எங்காவது இருக்கும், அவர் தன் கணக்கில் கோப்பின் பெயரைத் தேடினால் கிடைக்கும். குப்பைத் தொட்டிக்குப் போனது 30 நாள் அங்கே இருக்கும். 2020 அக்டோபருக்கு முன்பு நாமாகக் காலி செய்யும்வரை அப்படியே கிடக்கும், இப்போது 30 நாள் ஆனதும் தானாகவே போய்விடுகிறது. பழைய நினைப்பில் குப்பைத் தொட்டியை ஒரு சேமிப்பு இடமாக வைத்திருப்பவர்களை நான் இன்னமும் பார்க்கிறேன், அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

பகிர்வது பற்றி. அவசரத்தில் 'லிங்க் உள்ள எவரும்' என்று போட்டு அனுப்புவது எல்லோரும் செய்வதுதான். அந்த லிங்க் எங்கே போகும், யார் யாருக்கு அனுப்புவார்கள் என்று நமக்குத் தெரியாது. அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, வங்கி ஆவணம் போன்றவற்றை அப்படி அனுப்பவே கூடாது, பெயர் குறிப்பிட்டு அந்த மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பலரும் கவனிக்காத ஒன்று: ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி அதற்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் இறங்கும். பகிர்ந்த ஃபோல்டருக்குள் ஒரு கோப்பை இழுத்துப் போட்ட அந்த நொடியிலிருந்து, ஃபோல்டரைப் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் அதையும் பார்க்கலாம். அப்புறம், திருத்தும் அனுமதி உள்ளவர் மற்றவர்களையும் உள்ளே சேர்க்கலாம் என்பதுதான் வழக்கமான அமைப்பு. பகிர்வுப் பெட்டியில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தினால் அதைத் தடுக்கலாம், பார்வையாளர்கள் பதிவிறக்குவதையும் நகலெடுப்பதையும்கூட அங்கேயே நிறுத்தலாம். ஆனாலும் திரையில் தெரிவதை யாரும் படம் பிடிக்கலாம் என்பதால் அதை முழுப் பூட்டு என்று நம்பக் கூடாது.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய பதிப்புகளைக் காப்பாற்றும் விதம். 'ஒப்பந்தம் கடைசி', 'ஒப்பந்தம் கடைசி புதுசு', 'ஒப்பந்தம் இதுதான் கடைசி' என்று பெயர் வைத்துக் குவிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பிடிஎஃப் கோப்பில் திருத்தம் வந்தால், அதே கோப்பின் மேல் வலது கிளிக் செய்து பதிப்புகளை நிர்வகிக்கும் இடத்துக்குப் போய் புதியதை ஏற்றினால் போதும். லிங்க் மாறாது, யாருக்கெல்லாம் அனுப்பியிருந்தோமோ அவர்களுக்கும் புதியது தெரியும், பழையதும் உள்ளே இருக்கும். ஆனால் இதற்கும் கெடு உண்டு. பழைய பதிப்பு 30 நாளிலோ 100 பதிப்புகள் சேர்ந்த பிறகோ நீங்கிவிடலாம். கையெழுத்தான பிரதி மாதிரி ஒன்றாக இருந்தால் 'எப்போதும் வைத்திரு' என்று குறிக்க மறக்காதீர்கள். கூகுளின் இணைய எழுத்துச் செயலியான கூகுள் டாக்ஸில் எழுதும் ஆவணங்களுக்கு வேறு வழி, முக்கியமான கட்டத்தில் அந்தப் பதிப்புக்கு ஒரு பெயர் கொடுத்து வைத்துவிட்டால் பிறகு வரலாற்றில் தேடி அலைய வேண்டாம்.

ஃபோல்டர்களை அடுக்குவதில் பெரிதாக மெனக்கெட வேண்டாம் என்பேன். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆறு அடுக்கு போனால் வைத்தவருக்கே மறந்துபோகும், இரண்டு மூன்று அடுக்கு போதும். மீதியைத் தேடல் பார்த்துக்கொள்ளும். கோப்பின் வகை, உரிமையாளர், கடைசியாக மாற்றிய தேதி என்று வடிகட்டலாம், உள்ளே இருக்கும் எழுத்துகளையும் தேடும். ஆனால் பெயர் நன்றாக இருக்க வேண்டும். நான் தேதியை முதலில் போடுவேன், வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்: 2024-03-15 காப்பீட்டு ரசீது. இப்படி வைத்தால் பெயர்வாரியாக அடுக்கும்போதே காலவரிசையும் வந்துவிடும். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க டிரைவ் அனுமதிக்கிறது, கணினியில் அப்படி முடியாது என்பதால் இது பலரைக் குழப்பும், அதற்கும் தேதி உதவும்.

தமிழில் ஒரு பெரிய உதவி உண்டு. ஸ்கேன் செய்த படத்தையோ பிடிஎஃப்-ஐயோ கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகளைப் பிரித்துத் தருகிறது, அச்செழுத்து தெளிவாக இருந்தால் தமிழும் நன்றாகவே வருகிறது. அட்டவணையும் பத்தி பிரித்த பக்கங்களும் குழம்பிவிடும், அவற்றைக் கையால் சரிசெய்ய வேண்டும்.

இடம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இலவசமாக 15 ஜிபி, அது மின்னஞ்சல், புகைப்படம், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து. நிறைந்துவிட்டால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும் என்பதால் படங்களை வேறிடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

டிரைவ் ஒன்றை மட்டும் நம்பி இருப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கணினியில் டிரைவ் செயலியை நிறுவி, ஃபோல்டர் அங்கேயும் தெரிவதைப் பார்த்துவிட்டு 'நம்மிடம் நகல் இருக்கிறது' என்று நினைக்கிறார்கள். அது ஒத்திசைவுதான். இங்கே அழித்தால் அங்கேயும் போகும், அங்கே கெட்டால் இங்கேயும் கெடும். 'ஸ்ட்ரீம்' முறையில் வைத்திருந்தால் பெரும்பாலான கோப்புகள் கணினியில் இருக்கவே இருக்காது, திறக்கும்போதுதான் இறங்கும். இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் (கணக்கு அட்டவணைச் செயலி) ஆவணங்கள் கணினியில் கோப்பு மாதிரித் தெரிந்தாலும் அவை வெறும் லிங்க்தான், உள்ளே ஒரு வரிகூட இருக்காது. பென் டிரைவில் அதை நகலெடுத்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் தயவுசெய்து இன்றே ஒரு கோப்பை இணையம் இல்லாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

உண்மையான நகல் வேண்டுமென்றால், கணக்கில் இருப்பவற்றை மொத்தமாகப் பதிவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாக எடுங்கள், டாக்ஸ் ஆவணங்கள் வேர்டு வடிவத்துக்கு மாறி வரும். நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து தனி ஹார்ட் டிஸ்கில் போடுகிறேன்.

கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) போட்டுவிடுங்கள், அதில் விவாதமே இல்லை. கூடவே, இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்கை உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து நீக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி. பெற்றோருக்காகத் திறந்து ஆவணங்களை ஏற்றிவிட்டு மறந்துபோன கணக்குகள் இதில்தான் மாட்டும். 'செயல்படாக் கணக்கு மேலாளர்' என்று அமைப்புகளில் ஒன்று இருக்கிறது. கணக்கு எத்தனை மாதம் சும்மா இருந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எதையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். நான் என் கணக்குக்கும் அம்மாவின் கணக்குக்கும் அதைச் செய்தேன், இரண்டுக்கும் சேர்த்து பத்து நிமிடம் ஆனது.