எட்டு வருஷமா ஒரு ப்ளூரே பிளேயரோட மல்லுக்கட்டுறேன்

போன வாரம் ரிச்சி ஸ்ட்ரீட்ல அந்த பிளேயருக்கு (டிவிடி மாதிரிதான், ஆனா படம் இன்னும் தெளிவா இருக்குற டிஸ்க் போடுறது) லென்ஸ் மாத்திட்டு வந்தேன், 1,800 ரூபா. கடைக்காரரே மூஞ்சியப் பாத்து "இன்னுமா சார் இதெல்லாம் போட்டுப் பாக்குறீங்க"ன்னு கேட்டுட்டுதான் பில்லு போட்டாரு. அதே நாள் நைட்டு ஃபிரெண்டு ஒருத்தன், பழைய வெளிநாட்டுப் படம் பாக்கணும், செகண்ட் ஹேண்ட்ல பிளேயர் வருது வாங்கலாமான்னு மெசேஜ் பண்ணான். அதான் எழுதிடலாம்னு.

ப்ளூரேல உலகத்த ஏ, பி, சின்னு ரீஜியனா பிரிச்சு வச்சிருக்கானுங்க, ஒரு ரீஜியன் மெஷின்ல வேற ரீஜியனுக்குப் பூட்டுன டிஸ்க் ஓடாது. மச்சான் சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்த மெஷின், அதனால ஏ ரீஜியன். அமெரிக்கா, ஜப்பான் டிஸ்க் ஓடும், லண்டன்ல இருந்து வாங்குனா பி, மூஞ்சில துப்பிரும். இது தெரிஞ்சே வாங்குனதுதான், அதுல கோவம் இல்ல.

கோவமெல்லாம் ஒரே விஷயத்துலதான். நிறுத்துன எடத்த ஞாபகம் வச்சுக்காது! சாதா டிவிடி ஒழுங்கா விட்ட எடத்துல இருந்து ஓடும், இந்த ப்ளூரே டிஸ்க் பாதிக்கு மேல முதல்ல இருந்துதான். குரோசாவாவோட ஜப்பான் படம் செவன் சாமுராய் 207 நிமிஷம். ரெண்டு மணி நேரம் தாண்டி, கொள்ளைக்காரனுங்க வரப்போறானுங்கன்னு சீட்டு நுனில உக்காந்திருக்கும்போது கரண்ட் போவும், இன்வெர்ட்டர்ல லைட்டும் ஃபேனும் மட்டும்தான். கரண்ட் வந்ததும் மறுபடி லோடிங், மறுபடி காப்பி பண்ணக் கூடாதுன்ற அந்த எச்சரிக்கை கார்டு, ஸ்கிப் அமுக்குனா மூலைல ஒரு தடை சிம்பல், அப்புறம் சேப்டர் சேப்டரா தாவித் தேடணும். கம்பெனிக்கு மெயில் போட்டா டிஸ்க்கு தப்புங்குறான்.

அதனால பென்சில்ல டைம் எழுதி டப்பாவுக்குள்ள துண்டுச்சீட்டு வைக்கிறது வீட்டுல வழக்கமாயிடுச்சு. சத்யஜித் ரேயோட பெங்காலி படம் பதேர் பாஞ்சாலி டப்பால, அதுல வர்ற பொண்ணு துர்காவ பத்தி என் வீட்டம்மா கையெழுத்துல ஒண்ணு கெடக்கு: "துர்கா நனையுறா, கரண்ட் போச்சு." அன்னைக்கு வெளியிலயும் மழை, அதான் கரண்ட்டே போச்சு.

ஆனா அந்த டிஸ்க்க பத்தி சொல்லாம விட்டா பாவம். 1955 படம், 1993ல லண்டன் லேப்ல தீப்பிடிச்சு ஒரிஜினல் நெகட்டிவ் கருகிடுச்சு, ப்ரொஜெக்டர்ல மாட்டவே முடியாதுன்ற நிலைமை. கருகுன சுருளத் தூக்கிப் போடாம ஆஸ்கர் குடுக்குற அகாடமி பத்திரமா வச்சிருந்துச்சு, இருவது வருஷம் கழிச்சு இத்தாலி பொலோனால ஈரப்பதம் ஏத்தி, ஒட்டிக்கிட்டத பிரிச்சு, ஓரத்துல இருக்குற ஓட்டையெல்லாம் கையாலயே சரி பண்ணி, ஒரு 40 சதவீதம் அந்த நெகட்டிவ்ல இருந்தே எடுத்துட்டாங்க, மிச்சம் வேற காப்பில இருந்து. நான் முன்னாடி பாத்த டிவிடில அந்த ரயில் சீன்ல வானமும் நாணலும் ஒரே வெள்ளையா அப்பியிருக்கும். இதுல நாணல் ஒவ்வொண்ணா ஆடுது, புகை தனியா தெரியுது. ஓடிடில இதே படம் பாத்தேன், இருட்டு சீன்லாம் கட்டம் கட்டமா உடையுது, அஞ்சு நிமிஷத்துல நிறுத்திட்டேன்.

ஆங், ஃபிரெண்டு சவுண்டு பத்தியும் கேட்டான். மோனோ, அதாவது ஒரே சேனல் சவுண்டு உள்ள படத்துக்கு என்ன சவுண்டு, நல்லாத்தான் இருக்கு.

சரி முடிவா, வாங்காத. பத்துக்கு நாலு மார்க், அதுல மூணு டிஸ்க்குக்கு. மெஷின நம்பிக் காசு போடாத. என்னோடதக் குடுன்னு மட்டும் கேட்டுறாத, இப்பதான் லென்ஸ் மாத்தியிருக்கேன், ஞாயித்துக்கிழம பதேர் பாஞ்சாலியோட அடுத்த பாகம் அபராஜிதோ போடணும்.