11 வருடம் ஏஎன்-32-உடன்: அக்கா மகனுக்கு ஒரு பதில்

அக்கா மகனுக்கு அசாமில் இருக்கும் ஜோர்ஹாட்டுக்கு வேலை மாற்றம். "மாமா, நீங்க ஏஎன்-32-ல நிறைய போயிருக்கீங்களே, எப்படி இருக்கும்?" என்று போன வாரம் போனில் கேட்டான். சட்டென்று பதில் வரவில்லை. 11 வருடம் விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக, ஆளும் சரக்கும் ஏற்றும் அந்த இரட்டை இன்ஜின் விமானத்தோடு கிடந்தவன் நான். அவனிடம் சொல்ல நினைத்ததை எழுதியே விடுகிறேன்.

முதலில் சத்தம். ஏறி உட்கார்ந்ததும் காதில் வைக்கப் பஞ்சு கொடுப்பார்கள். அதை வாங்காமல் விடாதே. பஞ்சு வைத்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது, கை ஜாடைதான். அதிர்வு தாடை வழியாகப் பல்லுக்கு ஏறும். இறங்கி அரை மணி நேரம் உலகமே தண்ணீருக்குள் இருப்பது போலக் கேட்கும். எனக்கு வலது காதில் ஒரு ரீங்காரம் இன்றும் இருக்கிறது. ராத்திரி மின்விசிறியை நிறுத்தினால் நன்றாகவே கேட்கும்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் உண்டு. இதற்கு முந்தைய ஏஎன்-26-ல் ஒரு இன்ஜினுக்கு 2,820 குதிரைத்திறன். இதில் 5,180. மெல்லிய காற்றில், மலை உச்சியில், சுமையோடு எழும்ப வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். ப்ரொப்பெல்லர் விட்டம் 4.7 மீட்டர். அது தரையில் இடிக்காமல் இருக்க இன்ஜின்களை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். கரடுமுரடான ஓடுதளத்தில் கல்லும் தூசியும் உள்ளே போகாமல் இருக்கவும் அந்த உயரம்தான் உதவுகிறது. இன்ஜினுக்கு ஏணி வைத்து ஏறிய ஒவ்வொரு முறையும் முதுகு வலித்தது. ஆனால் அந்த வடிவத்தை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. 2008 மே 31 அன்று லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், 16,000 அடிக்கு மேலே, கட்டாந்தரையில் போய் இறங்கியது இந்த விமானம்தான். அதற்கு முன் 43 வருடமாக அங்கே எந்த விமானமும் இறங்கியதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பின்பக்க ராம்ப். சாதாரணமாகச் சாய்வுப் பலகை போலக் கீழே இறங்கும். தேவைப்பட்டால் அப்படியே விமானத்தின் வயிற்றுக்கு அடியில் நழுவிப் போய்விடும். லாரியைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, லாரித் தட்டிலிருந்து நேராக மூட்டையை உள்ளே தள்ளலாம். அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், தகர ஷீட்டு, பள்ளிக்கூட பெஞ்சு என்று எல்லாம் அந்த வழியாக ஏறியதைப் பார்த்திருக்கிறேன். அருணாச்சலில் விஜயநகர் என்று ஓர் ஊர். மூன்று பக்கமும் மியான்மர். மியாவ் வரை 150 கிலோமீட்டருக்கு மேல் காட்டுப்பாதை. அந்த மாதிரி ஊர்களில் இது படை விமானம் மட்டுமில்லை. கடையும் ஆம்புலன்ஸும் அதுதான்.

கார்கில் கூரியர் என்கிற விமான சேவை பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் ஜோஜிலா கணவாய் பனியால் மூடிவிட்டால், ஸ்ரீநகரிலும் ஜம்முவிலும் மாட்டிக்கொண்ட கார்கில் மக்களை ஏஎன்-32-தான் ஏற்றிப் போகும். நோயாளிகள், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள், திரும்பி வரும் குடும்பங்கள் எல்லாரும் அதில்தான். இருக்கைகள் சுவரோரம் நீளவாக்கில் இருக்கும். அதனால் விமானம் வேகமெடுக்கும்போது நாம் பின்னால் சாய மாட்டோம். பக்கத்து ஆள் மேல் போய் விழுவோம். ஒரு ஜனவரியில் எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி. ஓட்டம் தொடங்கியதும் அவர் தலை என் தோளில் வந்து சாய்ந்தது. இறங்கும் வரை எடுக்கவே இல்லை. கடைசியில் ஃபெரன் என்கிற நீள அங்கியின் பையிலிருந்து ஒரு பிடி காய்ந்த ஆப்ரிகாட் எடுத்து என் கையில் வைத்து மூடிவிட்டுப் போனார். சத்தத்தில் நன்றி சொல்லக்கூட வழியில்லை.

சரி, இவ்வளவு நல்லது சொல்லியாகிவிட்டது. இனி என் கோபம்.

2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 கடல் மேல் காணாமல் போனது. 29 பேர். அதில் 8 பேர் சிவிலியன் ஊழியர்கள். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு சமிக்ஞைகூடக் கிடைக்கவில்லை. சென்னைக் கரையிலிருந்து 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடக்கின்றன என்று 2024 ஜனவரியில்தான் தெரிந்தது. கண்டுபிடித்தது பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி. தாம்பரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம் அந்த நிறுவனம். ஏழரை வருடம் அந்தக் குடும்பங்கள் எதை நம்பிக் காத்திருந்தன?

நடுவில் 2019 ஜூன் 3 அன்று ஜோர்ஹாட்டிலிருந்து அருணாச்சலில் இருக்கும் மேச்சுகாவுக்குப் போன ஏஎன்-32 மலையில் மோதியது. 13 பேர். அப்போதும், விழுந்த இடத்தைச் சமிக்ஞையில் சொல்ல வேண்டிய அவசரக் கருவியிடமிருந்து எதுவும் வரவில்லை. சிதைவு கண்ணில் பட 8 நாள் ஆனது. உள்ளே உட்கார்ந்தவன் காதைப் பிளக்கிற அளவுக்கு முழங்கும் விமானம், விழுந்த பிறகு ஓர் ஓசையும் எழுப்பவில்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இறக்கையும் இன்ஜினும் செய்த தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். 1984-ல் படைக்கு வந்த விமானத்தை இன்னும் மேகம் மூடிய பள்ளத்தாக்குகளுக்குள் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள், அது விழுந்தால் எங்கே கிடக்கிறது என்று சொல்லும் கருவியை முதல் வேலையாகச் சரிபார்த்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் இதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். இந்த வாரமே என்றாலும் சரி. இதைவிட நம்பகமான இரண்டு இன்ஜின்களை நான் கையால் தொட்டதில்லை என்பதும் உண்மைதான். அதற்காக என் முடிவு மாறாது.

தம்பி, நீ போய்த்தான் ஆக வேண்டும். அது எனக்குத் தெரியும். ராம்ப் பக்கம் உட்காராதே, குளிர் அடிக்கும். பஞ்சை மறக்காதே. இறங்கியதும், டவர் கிடைக்கிற முதல் இடத்திலிருந்து உங்கம்மாவுக்கு ஒரு போன் போடு. அப்புறம் எனக்கு.