நினைப்பு முதல்லயா பயம் முதல்லயா? 12 வாரம் சிபிடி தெரபி போனதப் பத்தி என் ரிவ்யூ

போன வருஷம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து, நெஞ்சு திக்குதிக்குனு அடிச்சுக்குது, கைவிரல் மரத்துப்போச்சு, மூச்சு உள்ளயே போகல, சரி அவ்ளோதான் கதை முடிஞ்சுதுனு நெனச்சுட்டேன். ஈசிஜி, எக்கோ, ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்து இதயம் நல்லா இருக்குனு டாக்டர் சொன்ன பிறகும் அது வாரத்துக்கு மூணு நாலு தடவை வந்துட்டே இருந்துச்சு. அப்புறம்தான் பேனிக் டிஸார்டர், அதாவது திடீர் திடீர்னு பயம் உச்சத்துக்குப் போற நோய்னு சொல்லி சிபிடி தெரபிக்கு (நினைப்பையும் பழக்கத்தையும் மாத்திப் பயத்தக் குறைக்கிற பேச்சு சிகிச்சை) அனுப்புனாங்க. மொத்தம் 12 செஷன், வாரத்துக்கு ஒண்ணு, 50 நிமிஷம். முடிச்சு நாலு மாசம் ஆச்சு, சூட்டோட சூடா எழுதுனா நல்லதா மட்டுமே வரும்னு இவ்ளோ நாள் காத்திருந்தேன்.

"பாசிட்டிவா நினைங்க"னு சொல்லி அனுப்பிடுவாங்கனு நெனச்சுத்தான் போனேன். அது நடக்கவே இல்ல. முதல் நாளே கட்டம் போட்ட ஒரு பேப்பர் குடுத்தாங்க. என்ன நடந்துச்சு, அந்த நேரம் மனசுல ஓடுனது என்ன, என்ன உணர்ச்சி, அது நூத்துக்கு எத்தனை, அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன, எதிரா என்ன ஆதாரம், இப்ப மறுபடி நூத்துக்கு எத்தனை. இந்த சிகிச்சை முறைய ஆரம்பிச்சு வச்சவர் ஆரன் பெக், அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல இருந்த மனநல டாக்டர். 1960கள்ல தன்கிட்ட வந்தவங்க வாய்விட்டு ஒண்ணு பேசும்போதே உள்ளுக்குள்ள இன்னொரு வரிசை நினைப்பு தானா ஓடுறத கவனிச்சிருக்கார், நான் எதுக்கும் லாயக்கில்ல, இவருக்கு நான் போரடிக்கிறேன், அந்த மாதிரி. கவலையும் சோர்வும் அந்த ரெண்டாவது வரிசையோடதான் ஒட்டிக்கிட்டு வருதுங்கறதுதான் அவர் புடிச்ச நூல்.

நாலாவது செஷன்தான் என்னை மாத்துச்சு. தெரபி குடுத்த மேடம் என்னை எந்திரிச்சு நிக்க சொல்லி, ரெண்டு நிமிஷம் வேகவேகமா ஆழமா மூச்சு விடுங்கன்னாங்க, அவங்களும் கூடவே செஞ்சாங்க. ஒரு நிமிஷத்துலயே உதடு மரத்து விரல் நுனி குறுகுறுத்து தலை சுத்துச்சு, அப்படியே அந்த ராத்திரி வந்த அதே உணர்வு. உக்காந்ததும் கேட்டாங்க, "இப்ப செத்துடுவோம்னு எத்தனை சதவீதம் நம்புறீங்க?" அஞ்சு கூட இல்ல மேடம்னேன். "இதே உணர்வு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா?" தொண்ணூத்தஞ்சு. சொல்லும்போதே எனக்கு உறைச்சுது, உடம்புல நடக்குறது ஒண்ணுதான், அதுக்கு நான் வைக்கிற பேருதான் வேற. வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும், அதான் அந்தக் கிறுகிறுப்பு, ஆபத்து இல்ல. 1986ல டேவிட் கிளார்க்னு ஒரு உளவியலாளர் பேனிக்க இப்படித்தான் விளக்குனார்: உடம்புல சின்னதா ஒரு மாற்றம், அத உயிருக்கு ஆபத்துனு எடுத்துக்கறோம், பயம் வருது, பயத்தால படபடப்பு கூடுது, அது ஆபத்துக்கு இன்னொரு ஆதாரமாயிடுது. சுத்திச்சுத்தி ஏறிட்டே போகும்.

நான் நாடி புடிச்சுப் பாக்குறத நிறுத்த சொன்னதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. எங்க போனாலும் கதவு ஓரமா உக்காருவேன், தண்ணி பாட்டில் இல்லாம வெளிய கால வைக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் ஆகாதப்ப பாட்டில் இருந்ததால பொழச்சேன்னுதான் மனசு கணக்கு எழுதிக்கும். என்னைக் கேட்டா சாதாரண பயத்துக்கும் நோயான பயத்துக்கும் வித்தியாசம் இங்கதான் இருக்கு. சாதாரண பயமும் பெருசு பண்ணித்தான் காட்டும், ஆனா நூறு தடவை ஒண்ணும் நடக்கலனா அடங்கிடும். என்னோடது அடங்க விடாத மாதிரி நானே காவல் போட்டு வச்சிருந்தேன்.

குறைக்கு வரேன். அந்தப் பேப்பர் நினைப்புதான் முதல்ல வரும்னு வச்சுக்கிட்டு கட்டம் போட்டிருக்கு, எனக்குப் பாதி நேரம் அப்படி வரல, நெஞ்சு அடிக்க ஆரம்பிச்ச பிறகுதான் நினைப்பே வந்துச்சு. இதுல நான் மட்டும் முழிக்கல, 1980கள்ல ராபர்ட் சயன்ஸ், ரிச்சர்ட் லாசரஸ்னு ரெண்டு உளவியலாளர்கள், உணர்ச்சி வர்றதுக்கு முன்னாடி மதிப்பிடுற வேல நடக்கணுமா வேண்டாமானு பெரிய வாதமே நடத்தியிருக்காங்க. அதவிடப் பெரிய சிக்கல், பயத்துல இருக்கும்போது மனசு பயத்துக்கு ஏத்த ஞாபகத்த மட்டும்தான் எடுத்துக் குடுக்கும். ராத்திரி உக்காந்து எழுதுனா "எதிரான ஆதாரம்" கட்டம் காலியா கெடக்கும், அதே பேப்பர காலைல எடுத்தா மடமடன்னு அஞ்சு வரி எழுதுவேன். பேனிக் வந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சுனு மட்டும் குறிங்க, ஆதாரத்த காலைல எழுதுங்கன்னு மேடம் சொன்னது ஏழாவது செஷன்ல, அதுவும் நான் கேட்ட பிறகு. முதல் வாரமே சொல்லியிருக்கணும், ஆறு வாரம் என்னால இது முடியாதுனு நெனச்சு அழுதிருக்கேன்.

இன்னொண்ணு, வாராவாரம் ஜிஏடி-7னு பதட்டத்த அளக்குற ஒரு ஃபார்ம், ஏழு கேள்வி, அதிகபட்சம் 21, நம்பர் கூடக்கூடப் பதட்டம் அதிகம்னு அர்த்தம். எனக்கு 16ல ஆரம்பிச்சு மூணாவது வாரம் 9 வந்ததும் நல்ல முன்னேற்றம்னாங்க. அந்த வாரம் நான் வீட்ட விட்டே வெளிய போகல, அதான் குறைஞ்சுது. நம்பர மட்டும் பாத்தா இப்படித்தான் ஏமாறணும். அப்புறம் முதல் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே ஏழு வாரம் ஆச்சு, அந்த நிலைமைல இருக்கறவங்களுக்கு அது ரொம்ப நீளம்.

ஒன்பதாவது செஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்க சித்தப்பா தவறிட்டார். நானும் பழக்கத்துல பேப்பர எடுத்து, "இனி எதுவும் பழையபடி இருக்காது"னு எழுதி, எதிரா என்ன ஆதாரம்னு யோசிச்சு வச்சிருந்தேன். மேடம் அத வாங்கி மடிச்சு மேசை மேல வச்சுட்டு, "இதுல திருத்த ஒண்ணும் இல்ல. அவர் இல்ல, அதனால வலிக்குது. அவரப் பத்தி சொல்லுங்க"ன்னாங்க. அன்னைக்கு முழுக்க சித்தப்பாவப் பத்தித்தான் பேசுனோம். இந்த சர்வீஸ்ல எனக்குக் கெடச்ச பெரிய விஷயம் இதுதான்னு சொல்வேன், எத ஆராயணும் எத அழுதுக்க விடணும்னு தெரிஞ்ச ஆளு கிடைக்கறது பெரிய கொடுப்பின.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். வீட்டுல எழுத நேரம் ஒதுக்க முடியாதுனா இப்ப சேர வேணாம், செஷன்ல நடக்குறது பாதிதான். எந்திரிக்கவே முடியாத அளவு டிப்ரஷன்ல இருந்தா மொதல்ல டாக்டர்கிட்ட மாத்திரை பத்திப் பேசுங்க, ரெண்டும் சேந்தே போகலாம். நெஞ்சு வலினா முதல்ல இதயத்த செக் பண்ணிடுங்க, அத விடவே கூடாது.

கடைசி ஃபார்ம்ல எனக்கு 5, இந்தத் தடவை வெளிய போய் வந்துதான் அந்த 5. போன வாரம் லிஃப்ட்ல ஒரு தடவை வந்துச்சு, கை தானா மணிக்கட்டுக்குப் போச்சு, தொடுறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன். பாட்டில் வீட்டுலதான் இருந்துச்சு. நாலாவது மாடில கதவு தொறந்துச்சு, நெஞ்சு இன்னும் அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு, அப்படியே எறங்கி மீட்டிங்குக்குப் போய்ட்டேன்.