யார் முடிவு செய்கிறார்கள்? ஜகாத், செதாக்கா, வக்ஃபு, அறக்கட்டளை

உலகின் கொடை மரபுகளைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். எவ்வளவு, யாருக்கு என்பதைத் தீர்மானித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். மரபுகளின் முகமே மாறிவிடும்.

அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி, பணக்காரனாகவே சாவது அவமானம் என்று 1889இல் எழுதினார். சொன்னபடி 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு வாரி வழங்கினார். ஆனால் 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக்குறைப்பை எதிர்த்த தொழிலாளர்கள் மீது கூலிப்படை ஏவப்பட்டது. உயிர்கள் போயின, சங்கம் நொறுங்கியது. ஆறு ஆண்டுகள் கழித்து அதே ஊர் மக்களுக்காக இசை அரங்கும் நீச்சல் குளமும் கொண்ட அழகான நூலகம் திறக்கப்பட்டது. நாளுக்குப் 12 மணி நேரம் உலை முன் நின்றவர் எப்போது போய்ப் புத்தகம் எடுப்பார்? கூலியாகக் கேட்டது கிடைக்கவில்லை. கேட்காதது கொடையாக வந்தது. இதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

இஸ்லாமியரின் கட்டாயக் கொடையான ஜகாத்தில், இப்படிக் கொடுப்பவரே முடிவு செய்வதற்கு இடமே இல்லை. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்த செல்வத்தில் 2.5 சதவீதம் கொடுத்தாக வேண்டும். ஏழைகள், கடனாளிகள், வழிப்போக்கர்கள் என்று பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைக் குர்ஆனே வரையறுத்துவிட்டது. கொடுப்பவர் வள்ளல் ஆவதில்லை, கடனைத் தீர்க்கிறார்.

யூதர்களின் கொடை மரபான செதாக்கா என்ற சொல்லின் வேரே நீதிதான். கொடையை எட்டுப் படிகளாக அடுக்கிய இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ், ஒருவரைச் சொந்தக் காலில் நிற்க வைக்கும் கடனையும் வேலையையும் உச்சியில் வைத்தார். அடுத்த படி, கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதது. ஜெருசலேம் ஆலயத்தில் இதற்கென்றே ஓர் அறை இருந்ததாக யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. சிலர் உள்ளே போய் ரகசியமாகப் பணம் வைப்பார்கள். நொடித்துப்போன நல்ல குடும்பத்தார் ரகசியமாக எடுத்துக்கொள்வார்கள். வெளியே வருகிறவர் வைத்தாரா எடுத்தாரா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. மானத்தைக் காக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் படித்ததில்லை.

அதற்காக அறக்கட்டளைகளை ஒதுக்கிவிட மாட்டேன். 1913இல் தொடங்கிய ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வகத்தில்தான் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி உருவானது. பல ஆண்டு காத்திருப்பையும் தோல்வியையும் தாங்கும் பணம் அது. அந்தந்த ஆண்டே ஏழையின் கைக்குப் போய்ச் சேர வேண்டிய ஜகாத் பணத்தால் அந்த வேலையைச் செய்வது கடினம்.

இஸ்லாமிய மரபில் அறத்துக்கென்று சொத்தை எழுதிவைக்கும் வக்ஃபு, ஜகாத்துக்கும் அறக்கட்டளைக்கும் நடுவில் நிற்கிறது. சொத்தை விற்கக் கூடாது, வருமானம் நிரந்தரமாக அறத்துக்கு. எங்கே செலவிடுவது என்பதை நிறுவியவரே பத்திரத்தில் எழுதிவைப்பார்; காலம் மாறினாலும் அதை மாற்றுவது கடினம் என்பதே அதன் பெரிய குறை.

பசி, கடன் போன்ற அவசரங்களுக்கு ஜகாத், செதாக்கா வழியையே தேர்ந்தெடுப்பேன். நீண்ட ஆய்வுக்கு அறக்கட்டளை, அதுவும் பயன்பெறுவோர் நிர்வாகக் குழுவில் அமர்ந்தால் மட்டும். தலைமுறை தாண்டிய சோற்றுக்கு வக்ஃபு. துருக்கிய உதுமானியப் பேரரசின் சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் 1550களில் ஜெருசலேமில் நிறுவிய அன்னசாலைக்குப் பல கிராமங்களின் வருவாயை எழுதிவைத்தார். அவர் மறைந்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே ஏழைகள் பாத்திரத்தோடு சூப்பு வாங்க வந்தார்கள்.