மாக் 2 ஓட்டத்தை அளக்க எது: பிட்டோவா, ஷ்லீரனா, பி.ஐ.வி.யா?

மீயொலி ஓட்டத்தில், அதாவது ஒலியைவிட வேகமான (மாக் எண் 1-ஐத் தாண்டிய) ஓட்டத்தில், ஆய்வேடு தொடங்கும் எம்.இ. மாணவர்களுக்குப் பி.ஐ.வி. (ஓட்டத்தில் கலந்த துகள்களை லேசர் ஒளியில் இருமுறை படமெடுக்கும் முறை) மேல்தான் முதல் கண். ஆனால் பிட்டோ (ஓட்டத்தை எதிர்நோக்கி வாய் திறந்த குழாய்) தருவது அழுத்தம், ஷ்லீரன் (ஒளி வளைவதைப் படமாக்கும் முறை) காட்டுவது அடர்த்திச் சரிவு, அதாவது இடத்துக்கு இடம் அடர்த்தி மாறும் வீதம், பி.ஐ.வி. அளப்பது திசைவேகம். ஆய்வுக்கு வேண்டியது எது என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

விலை குறைவு, நம்பகம் அதிகம் என்றால் பிட்டோதான். மீயொலி ஓட்டத்தில் குழாயின் வாய்க்கு முன்னால் ஓர் அதிர்ச்சி அலை நிற்கும். குழாய் உணர்வது அலையைத் தாண்டி வந்த காற்றின் அழுத்தத்தை. மாக் 2-இல் பிட்டோ அழுத்தம் நிலை அழுத்தத்தைப் (ஓடும் காற்றின் சொந்த அழுத்தம்) போல 5.64 மடங்கு. அலையை மறந்துவிட்டு இந்த எண்ணை ஐசென்ட்ரோபிக் (இழப்பே இல்லை என்று கொள்ளும்) சூத்திரத்தில் போட்டால் மாக் 1.79 என்று வரும். அலையையும் கணக்கில் எடுக்கும் ரேலே பிட்டோ சூத்திரம்தான் சரி.

நிலை அழுத்தத்துக்குப் பதில் தொட்டி அழுத்தத்தோடு (காற்று புறப்படும் தொட்டியில் உள்ள அழுத்தம்) ஒப்பிடுபவர்கள் மாக் 1-ஐ ஒட்டிய பகுதியில் கவனமாக இருக்க வேண்டும். மாக் 1.1-இல் அலையால் மொத்த அழுத்தத்தில் இழப்பது 0.1 சதவீதம்தான். உணரி 0.5 சதவீதம் குறைத்துக் காட்டினாலே விடை 1.19 ஆகிவிடும். மாக் 2-இல் அதே பிழை மாக் எண்ணை 0.01 அளவுக்குத்தான் நகர்த்தும். இன்னொன்று: முழுதாக விரிவடையாத ஜெட்டின் உள்ளே, அலைக்கூடுகள் (அடுத்தடுத்து அமையும் அதிர்ச்சி அலை வடிவங்கள்) இருக்கும் இடத்தில், நிலை அழுத்தமும் தெரியாது, மொத்த அழுத்தமும் தொட்டியில் உள்ளதே என்று சொல்ல முடியாது. அங்கே பிட்டோ அழுத்தத்தை அப்படியே வரைபடமாகக் கொடுங்கள். மாக் எண்ணாக மாற்றாதீர்கள்.

பிட்டோ தடுமாறும் அந்தத் தாழ் மாக் பகுதியில் ஷ்லீரன் கைகொடுக்கும். சுவரில் ஒட்டிய மெல்லிய டேப்பிலிருந்து கிளம்பும் மாக் அலையின் (மிக வலுவற்ற அலை) கோணத்தை அளந்தால் மாக் எண் கிடைத்துவிடும். கோணத்தில் 1 பாகை தவறினால் மாக் 1.2-இல் பிழை 0.014, மாக் 2-இல் 0.06, மாக் 3-இல் 0.15. ஆப்பிலிருந்து வரும் வலுவான அலையை இதற்கு எடுக்கக் கூடாது: அதன் கோணம் பெரிது, மாக் எண் குறைவாக வரும். கத்திமுனையை (ஷ்லீரனில் ஒளியின் ஒரு பகுதியை மறைக்கும் விளிம்பு) செங்குத்தாக வைத்தால் கிடைமட்டச் சரிவுகள் மட்டுமே தெரியும் என்பதால் இரு திசையிலும் படம் எடுங்கள். ஒளி போகும் பாதை முழுவதன் கூட்டுத்தொகைதான் படமாகிறது. வட்ட ஜெட்டின் படத்தைத் தட்டையான வெட்டுமுகமாகப் படிப்பது தவறு.

பி.ஐ.வி.யின் முதல் சிக்கல் நேரம். தொட்டி 300 கெல்வினில் இருந்தால் மாக் 2 ஓட்டம் நொடிக்குச் சுமார் 518 மீட்டர். ஒரு பிக்சலுக்கு 50 மைக்ரோமீட்டர், சாளரம் (துகள்களின் நகர்வை ஒப்பிடும் சிறு கட்டம்) 32 பிக்சல் என்றால், துகள் சாளரத்தின் கால் பங்குக்கு மேல் நகரக் கூடாது என்ற கால் சாளர விதிப்படி இரு லேசர் துடிப்புகளின் இடைவெளி 0.77 மைக்ரோநொடியைத் தாண்டக் கூடாது. அதைவிடப் பெரிய சிக்கல் துகள். 1 மைக்ரோமீட்டர் எண்ணெய்த் துளி ஓட்டத்தோடு ஒத்துப்போக ஏறக்குறைய 3 மைக்ரோநொடி எடுக்கும். அதற்குள் அது அலையைத் தாண்டி 1 மில்லிமீட்டர் அளவு போய்விடும். ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அலை, படத்தில் பட்டையாகப் பரவித் தெரிவது இதனால்தான்.

வெட்டு அடுக்கின் (வேகம் வேறுபட்ட ஓட்டங்கள் உரசும் அடுக்கு) கொந்தளிப்பு, திசைவேக ஏற்ற இறக்கம் ஆகியவைதான் கேள்வி என்றால் பி.ஐ.வி.க்கு மாற்று இந்த மூன்றில் இல்லை. அப்போதும் ஷ்லீரனில் அலையின் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் வரும் முதல் சில மில்லிமீட்டர் பி.ஐ.வி. தரவைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.