பறவைக் கையேடு: ஓவியமா, புகைப்படமா?

வேடந்தாங்கலுக்கோ பள்ளிக்கரணைக்கோ கிளம்பும் முன் எந்தக் கையேடு வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு:

அடையாளம்: இளம் செம்பருந்து பழுப்பாக, கரும்பருந்து மாதிரியே இருக்கும். நல்ல ஓவிய நூலில் இரண்டும் பறக்கும் கோலத்தில் அருகருகே இருக்கும். வால் நுனி வட்டமா, கவட்டையா என்று சட்டெனத் தெரிந்துவிடும். புகைப்படத்தில் பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்த ஒரே பறவைதான், அதுவும் அன்றைய வெயில் கொடுத்த நிறத்தில்.

பழக்கம்: புகைப்படம் சுலபம். ஓவியத்துக்குக் கண் பழகக் கொஞ்ச நாளாகும்.

சுமை: துணைக்கண்டம் முழுவதற்குமான நூல் கனம். தென்னிந்தியாவுக்கு மட்டுமானது போதும். (இமயமலைப் பறவைகளையும் சுமந்து எனக்குத் தோள்வலிதான் மிச்சம்.)

வீட்டுத் தோட்டம், பிள்ளைகள் என்றால் புகைப்படம். ஏரிக்கரையில் பருந்து, உள்ளான் (சேற்றோரம் இரை தேடும் சிறு பறவை) என்று அடையாளம் காண மல்லுக்கட்டுகிறவர் ஓவியத்தையே வாங்கலாம்.