தற்காப்பு வகுப்பு: வசைக்கு அடி பதிலாகுமா?

இந்த 6 வாரத் தற்காப்புப் பயிற்சியில் நான் சேர்ந்ததே, வழியில் ஆபாசமாகப் பேசுகிறவனை ஓங்கி அறையக் கற்றுக்கொள்ளத்தான். பயிற்சியாளரோ முதல் வாரம் முழுவதும் கையை ஓங்கவே விடவில்லை. எதிரே ஒருவர் நின்று வாய்க்கு வந்தபடி ஏச, நாம் உள்ளங்கைகளை மார்பளவில் விரித்து, ஓரடி பின்வாங்கி, "நிறுத்து, விலகு" என்று அடிவயிற்றிலிருந்து சொல்ல வேண்டும். எனக்கு மூன்றாம் முறைதான் குரல் எழும்பியது.

பெரும்பாலான நாடுகளின் சட்டம் உடனடித் தாக்குதலின் அபாயத்தையே தற்காப்புக்கு அடிப்படையாகக் கொள்கிறது என்பதையும், வெறும் வசைக்காக அடித்தால் வழக்கு நம்மீதே திரும்பக்கூடும் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். 2006 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில், இத்தாலி வீரர் மாட்டெராஸியின் பேச்சால் சினந்து அவரைத் தலையால் முட்டிய பிரான்ஸ் அணித் தலைவர் ஜிதான் வெளியேற்றப்பட்டதை உதாரணம் காட்டினார். பேசியவருக்கும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 2 ஆட்டத் தடை விதித்ததை நான்தான் நினைவூட்டினேன். அதை அவரே சொல்லியிருக்க வேண்டும்.

வழிமறித்துக் கையைப் பிடிக்க நெருங்குகிறவனிடம் முதல் அடி நம்முடையதாக இருப்பது நியாயமே என்று அவர் சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன். புகார் அளிக்கும் முறைக்குக் கடைசி நாளில் 10 நிமிடம் மட்டுமே ஒதுக்கியது பெருங்குறை. அதற்குத் தனியாக ஒரு வகுப்பாவது வேண்டும்.